ஆகனில் வேறு வைத்த கதை

2022 அக்டோபரில் முதுகலைப் படிப்புக்காக ஜெர்மனியின் ஆகன் நகருக்குச் சென்றபோது, முன்பின் தெரியாத மூவருடன் ஒரே வீட்டில் இருக்கப் போவது குறித்து எனக்குச் சிறிதும் தயக்கம் இருக்கவில்லை. தேவகோட்டையில் எங்கள் வீட்டில் நான் பிறந்தபோது ஐந்து புள்ளிகள் இருந்தன (திருமணமான ஒரு குடும்பத்தை ஒரு புள்ளியாகக் கணக்கிடுவது நகரத்தாரான எங்கள் வழக்கம்). ஆகவே கூட்டத்தோடு இருப்பது எனக்குக் கைவந்த கலை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு இரண்டு மாதம்கூட நிலைக்கவில்லை.

மாணவர்கள் சேர்ந்து வசிக்கும் வீட்டை அங்கே 'வேகே' என்பார்கள். புதியவரைச் சேர்ப்பதற்கு முன், ஏற்கெனவே இருப்பவர்கள் நேரில் அழைத்துக் கேள்வி கேட்பார்கள். ஏறத்தாழப் பெண் பார்க்கும் சடங்குதான். என்னைத் தேர்ந்தெடுத்த வீட்டில் ஒரு ஜெர்மானியர், ஒரு துருக்கியர், குண்டூரைச் சேர்ந்த ஒரு தெலுங்கர் ஆகியோர் இருந்தனர். முன்பணத்திலோ ஒப்பந்தத்திலோ சிக்கல் வரவில்லை. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் தேவை. அந்தப் படிவத்தைத் தர மறுப்பவரின் வீட்டை, வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும், எடுக்க வேண்டாம் என்று புதிதாகச் செல்பவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

சிக்கல் அடுப்படியில் தொடங்கியது. ஆளுக்கு மாதம் 100 யூரோ பொதுவில் போட்டு, முறைவைத்துச் சமைப்பது என்று நல்லெண்ணத்தோடுதான் ஏற்பாடு செய்திருந்தோம். ஜெர்மானியருக்கு இரவில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் போதும். ஆனால் அவர் வாங்கும் கட்டியின் விலையில் தெலுங்கரும் நானும் ஒரு வாரத்துக்கு அரிசி வாங்கிவிடலாம். துருக்கியர் பன்றி இறைச்சி வெந்த சட்டியைத் தொடமாட்டார். ஞாயிறு முழுவதும் ஓசை எழுப்பக் கூடாது என்பதால், நான் மிக்ஸியைச் சனிக்கிழமையே ஓட்டி மாவரைத்து முடிப்பேன். அது மற்றவர்கள் அயர்ந்து தூங்கும் நேரமாக அமைந்துவிடும். எவரும் எதையும் வாய்விட்டுச் சொல்லாமல், ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தும் வேகத்தில் காட்டிக்கொண்டிருந்தோம்.

டிசம்பரில் அது வெடித்தது. ஆத்தா கொடுத்தனுப்பிய, குழம்புக்கு மணம் சேர்க்கும் கல்பாசியை ஒரு கண்ணாடிப் புட்டியில் வைத்திருந்தேன். ஒருபுறம் கறுப்பும் மறுபுறம் சாம்பலுமாய், ஓரம் சுருண்டு, தெரியாதவர் கண்ணுக்கு அது காய்ந்த பூசணம் போலத்தான் இருக்கும். துப்புரவு முறை வந்த ஜெர்மானியர் அதை மட்கும் குப்பைத் தொட்டியில் கொட்டி, புட்டியைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிட்டார். நான் கத்திவிட்டேன். முகம் சிவந்துபோன அவர், "நான் உதவிதானே செய்தேன்" என்றார். அன்றிரவு நால்வரும் அவரவர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டோம்.

மறுநாள் தொலைபேசியில் அப்பத்தாவிடம் புலம்பினேன். கல்பாசி போனதைப் பற்றி அவர்கள் கவலைப்படவே இல்லை. "நாலு பேருக்கும் ஒரே அடுப்பாவா வச்சிருக்கீக? இன்னும் வேற வைக்கலையா?" என்று மட்டும் கேட்டார்கள்.

வேறு வைப்பது என்றால் வீட்டைப் பிரிப்பதன்று. மகனுக்குத் திருமணமான சில காலத்துக்குப் பின், பாத்திரம் பண்டமும் அரிசி பருப்பும் கொடுத்து, அதே வீட்டிலேயே தனி அடுப்பு மூட்டச் செய்வது. அதில் கோபதாபம் ஏதும் இல்லை. முகப்பும் வளவும் (உள்முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) பொது, அடுப்பும் கணக்கும் தனி. மலேயாவுக்கும் பர்மாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் தங்கிய கிட்டங்கிகளிலோ, ஒரே நீளக் கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியை வைத்துத் தொழில் செய்தார்கள்; அங்கே சமையல் பொது, கணக்கு மட்டும் தனி. இவ்வளவையும் கேட்டு வளர்ந்த நான், பாலாடைக்கட்டியையும் பொன்னி அரிசியையும் ஒரே கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் நாங்களும் வேறு வைத்துக்கொண்டோம். அலமாரியில் ஆளுக்கொரு தட்டு. உப்பு, எண்ணெய், பாத்திரம் துலக்கும் சோப்பு ஆகியவை பொது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை எல்லோரும் ஒரே பந்தி. துருக்கியர் தமக்கென ஒரு சட்டி வாங்கிக்கொண்டார். தெலுங்கரும் நானும் ஒரே அடுப்பாகச் சேர்ந்தோம், அவருடைய காரத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பது வேறு விஷயம். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் அங்கே ஆளுக்கு அன்று, வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, தொலைக்காட்சிப் பெட்டியே இல்லாவிட்டாலும் கட்டியாக வேண்டும். கடிதம் என் பெயருக்கு வந்ததால் நானே கட்டினேன். ஆளுக்கு 4.59 யூரோ என்று ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிய பிறகு அதில் பேச்சு எழவில்லை.

பிப்ரவரியில் ஊரிலிருந்து வந்த பொட்டலத்தில் புதுக் கல்பாசி இருந்தது. ஜெர்மானியரை அழைத்துச் சூடான எண்ணெயில் ஒரு சிட்டிகை போட்டு, மணம் எழுவதைக் காட்டினேன். கூடவே மிளகாய் வற்றலையும் போட்டதில் நடைவழியில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலற, சன்னல்களைத் திறந்துவிட்டு இருவரும் இருமியபடி குளிரில் நின்றோம். அன்று மாலை அவரே புட்டியில் ஒரு சீட்டு ஒட்டி, ஜெர்மன் மொழியில் எழுதி வைத்தார்: 'இது உணவு. பூசணம் அன்று.'