பைக் ஜாக்கெட் போட்டும் நனைந்த கதை இருந்தால் எழுதுங்க

கிணத்துக்கடவு_411:
போன ஆடியில் வால்பாறையிலிருந்து இறங்கும்போது நடந்தது. இன்னும் மனசில் உறுத்துகிறது, அதான் எழுதுகிறேன். ஆழியாறில் வெயில், அட்டகட்டியில் மழை. இதை நம்ம ஊர்க்காரர்களுக்குப் புதுசாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் போட்டிருந்தது மெஷ் ஜாக்கெட், காற்று புகுகிற வலைத்துணி. உள்ளே ஜிப் வைத்து மாட்டுகிற மழை லைனர் தனியாகப் பையில். கடைக்காரர் சொன்னது "எல்லா சீசனுக்கும் ஆகுமுங்க".

ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ சுவர் ஓரம் நிறுத்தினேன். லைனரை மாட்ட ஜாக்கெட்டைக் கழற்றியாக வேண்டும். கழற்றின அந்த நொடியே சட்டை தொப்பல். லைனர் ஜிப்பின் இழுவை சுண்டுவிரல் நகம் அளவுதான், கையுறையோடு பிடிக்க முடியாது. கையுறையையும் கழற்றினால் விரல் விறைக்கிறது. மணிக்கட்டுக்கிட்ட ஒரு பட்டன் வேறு. அதை மாட்டாமல் கையை நுழைத்தால் லைனர் கை சுருண்டு முழங்கையில் நிற்கிறது. சுவர் மேல் ஒரு வரையாடு, எதையோ மென்றுகொண்டே, நான் பண்ணுகிற கூத்தை முழுசாகப் பார்த்தது. ஒருவழியாக ஜிப்பை இழுத்து மூடினால் நனைந்த சட்டை உள்ளே, தண்ணீர் புகாத லைனர் அதுக்கு வெளியே. ஈரத்தைப் பத்திரமாக உள்ளே வைத்துப் பூட்டியாச்சு. கீழே வந்து டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தேன்.

தறி_சோமனூர்:
தம்பி, லைனர் மேல் குத்தமில்லைங்க. மழைத்தடுப்பு எந்த அடுக்கில் இருக்குது என்பதுதான் விஷயம். கழற்றி மாட்டுகிற லைனர் ஒரு வகை. வெளித்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் மெம்பிரேனை, அதாவது தண்ணீர் புகாத மெல்லிய படலத்தை, தொங்கவிட்டுத் தைத்திருப்பது இன்னொரு வகை. இரண்டிலும் உடம்பு நனையாது, ஆனால் வெளித்துணி தண்ணீரைக் குடித்துவிடும். அது காற்றில் ஆவியாகும்போது உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டுதான் போகும். உள்ளே சொட்டு ஈரமில்லாமலே பல் கிட்டுவது இதனால்தான். மூன்றாவது, மெம்பிரேனை வெளித்துணியோடவே ஒட்டி வருகிற லேமினேட். தண்ணீர் மேலோடு உருண்டு போய்விடும், நிறுத்தி மாட்டுகிற வேலையே இல்லை. விலைதான் தலை சுற்றும்.

என் கதை சின்னது. கருமத்தம்பட்டி பக்கம் சர்வீஸ் ரோட்டில் மணல் வாரிவிட்டது. பெரிய வேகமெல்லாம் இல்லை. எழுந்து பார்த்தால் முழங்கையில் துணி லேசாக வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் தோளிலிருந்து அக்குள் வரைக்கும் தையல் ஆவென்று திறந்து, உள்ளே அடி தாங்க வைத்திருந்த பேடு வெளியே தொங்குகிறது. துணி கிழியவே இல்லை. நூல் விட்டுப்போச்சு. பரம்பரையாகத் தறி ஓட்டுகிற எனக்கு அதுதான் ஆறமாட்டேங்குது.

கடையில் எல்லாரும் "600 டெனியர்" என்று மந்திரம் மாதிரி சொல்கிறார்கள். டெனியர் என்பது 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்கிற கணக்கு. நூலின் கனம் தெரியும். நெசவு எவ்வளவு நெருக்கம், நைலானா பாலியஸ்டரா என்பதெல்லாம் அதிலிருந்து தெரியாது. ஸ்கூல் பேக் தைக்கிற துணியிலும் 600 டெனியர் பாலியஸ்டர் உண்டு. பைக் ஜாக்கெட்டில் வருகிற கார்டுரா என்கிற கெட்டித் துணி பெரும்பாலும் நைலான் 6,6 என்கிற நைலான் வகை. உராய்வுக்கு நைலான்தான் தாங்கும். தண்ணீர் குறைவாகக் குடிப்பது, சீக்கிரம் காய்வது பாலியஸ்டர். ஐரோப்பியத் தர லேபிள் இருந்தால் ஈஎன் 17092 என்று போட்டு, பக்கத்தில் ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என்று ஏதாவது ஒரு தரம் இருக்கும். அதில் உராய்வு மட்டுமில்லை, தையல் பலத்தையும் சோதிப்பார்கள். லேபிள் இல்லையா, கையை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. தோள், முழங்கை இரண்டு இடத்திலும் குறைந்தது இரண்டு வரிசைத் தையல், அதில் ஒன்றாவது வெளியே தெரியாமல் மறைந்து ஓட வேண்டும். மேலே தெரிகிற நூல் ரோட்டில் உரசியதும் போய்விடும், மறைந்த தையல்தான் பிடித்து நிறுத்தும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

அந்தியூர்_அம்மிணி:
தறி அண்ணா, லேமினேட்டை இவ்வளவு தூக்கி வைக்காதீங்க. நான் அதைத்தான் போட்டிருந்தேன். ஆடிப்பெருக்கு அன்று பவானி கூடுதுறைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். வண்டி நடக்கிற வேகம்தான். நெஞ்சில், முதுகில், கையில் என்று எத்தனையோ ஜிப் திறப்பு இருக்கிறது, எல்லாம் திறந்துதான் இருந்தது. காற்று வந்தால்தானே உள்ளே போகும்? ஹெல்மெட்டுக்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஓரமாகப் போய் இளநீர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கண்ணு, மொதல்ல அந்தக் கோட்டைக் கழட்டு, அப்புறம் எளனி குடி" என்றார். கழற்றியபோது உள்ளே இருந்த டீசர்ட்டைப் பிழியலாம். மழையே இல்லாமல் நனைந்த ஒரே ஆள் அன்று நான்தான்.

ஒட்டின துணியில் வேர்வை ஆவி வெளியேறும் என்கிறார்கள். வெளியே குளிராக இருந்தால் சரி. சித்திரை வெயிலில் ஈரோட்டுக்குள் போய் வந்து சொல்லுங்க பார்ப்போம்.

இன்னொன்று. பெண்கள் சைஸ் இல்லை என்று ஆண்கள் எஸ் சைஸை நீட்டுகிறார்கள். இடுப்பில் பிடிக்கும், தோளில் தொங்கும். நான் கையை மடக்கினால் முழங்கை பேடு சுற்றிக்கொண்டு உள்பக்கம் வந்துவிடும். விழுந்தால் அது எனக்கு எதுக்கு உதவும்? பேடு லெவல் 2 என்று பெருமையாகச் சொன்னார்கள். சோதனையில் லெவல் 1 என்றால் அடியின் விசையில் சராசரி 35 கிலோநியூட்டனும், லெவல் 2 என்றால் 20 கிலோநியூட்டனும்தான் உள்ளே கடக்கலாம் என்பது எனக்கும் தெரியும். இடத்தில் நின்றால்தான் அந்தக் கணக்கே.

தாராபுரம்_புல்லட்:
எல்லாரும் பெரிய பெரிய பேச்சாகப் பேசுறீங்க. காத்தோட்டமான மெஷ் ஜாக்கெட், மேலே போட ஒரு அளவு பெரிய சாதா மழைக்கோட்டு. முடிந்தது. ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டாம், வரையாடு வேடிக்கை பார்க்காது. வெளித்துணியும் நனையாது, தறிக்காரர் சொல்கிற குளிரும் இல்லை. வெயில் வந்தால் சுருட்டிப் பையில் போடலாம், அம்மிணிக்கும் பிரச்சினை தீர்ந்தது.

ஒரு தடவை மட்டும் உடுமலை ரோட்டில் மழைப் பேண்ட்டின் கால் சைலன்சரில் ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டிக் கருகுகிற நாத்தம், கீழே பார்த்தால் கெண்டைக்கால் பக்கம் ஒரு கை போகிற ஓட்டை. குரோம் மேல் அது உருகிப் பிடித்த கறுப்பு இன்னும் இருக்கிறது. அதனால் கணுக்காலில் இறுக்கிக் கட்டுகிற பட்டை இருக்கிற பேண்ட்டாகப் பார்த்து வாங்குங்க.

சரி, யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். துவைப்பதில்தான் பாதிப் பேர் ஜாக்கெட்டைக் கெடுக்கிறார்கள். முதலில் பேடு எல்லாவற்றையும் கழற்றணும். வாசனைக்கு ஊற்றுகிறார்களே சாஃப்ட்னர், அது கூடவே கூடாது. துணி மேல் படிந்து, தண்ணீரை உருட்டிவிடுகிற தன்மையைக் கெடுக்கும், மெம்பிரேன் மூச்சு விடுவதையும் அடைக்கும். சோப்பு மிச்சமில்லாமல் இரண்டு தடவை அலசணும். பிழியாமல் நிழலில் தொங்கவிடணும். மேலே தெளிக்கிற நீர்விலக்கி ஸ்ப்ரே கிடைக்கும். தண்ணீர் முத்தாக நிற்காமல் துணியில் பரவ ஆரம்பித்தால் அதை அடிக்கலாம். ஓட்டிவிட்டு வந்ததும் ஈரத்தோடு மடித்து டிக்கியில் வைத்தால் பூசணம் பிடிக்கும், அந்த வாசம் அப்புறம் போகாது. ஜிப்புக்கு மெழுகுவர்த்தி தேய்த்தால் போதும். இதுக்கெல்லாம் மறுபடி கடைக்குப் போக வேண்டாம்.

காரமடை_பையன்:
எனக்கு ஒரே கேள்விதான். கையுறை ஜாக்கெட் கைக்கு உள்ளேயா வெளியேயா? கோத்தகிரி ஏறும்போது வெளியே விட்டிருந்தேன். தோளில் விழுந்த மழை கை வழியாக இறங்கி நேராகக் கையுறைக்குள் போனது. பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் விரலிடுக்கில் சளக் சளக் என்று சத்தம். கையுறை வாட்டர்புரூஃப். உள்ளே போன தண்ணீரும் வெளியே வரவில்லை.

தறி_சோமனூர்:
மழையில் கையுறை உள்ளே, ஜாக்கெட் கை மேலே. அதுக்கு மணிக்கட்டில் அகலமாகத் திறக்கிற ஜாக்கெட்டாக இருக்கணும். குட்டைக் கையுறையாக வாங்குங்க.

ஊத்துக்குளி_வெண்ணெய்:
குட்டைக் கையுறை போட்டால் மணிக்கட்டு எலும்பு ரோட்டுக்குத்தானே? எனக்கு அது சம்மதமில்லை. சரி, அது கிடக்கட்டும், பேண்ட்டைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே.

மச்சினன் கல்யாணம், காங்கயத்தில் மண்டபம். இணைச்சீர் சடங்குக்கு வீட்டுக்காரி முன்னாடியே பஸ்ஸில் போயாச்சு, நான் பைக்கில். நல்ல மழை. உட்கார்ந்து ஓட்டும்போது வயிற்றிலிருந்து வழிகிற தண்ணீர் எல்லாம் டேங்குக்கும் சீட்டுக்கும் நடுவில், தொடை இடுக்கில் குளம் கட்டி நிற்கும். என் பேண்ட்டில் முன்பக்க ஜிப்புக்குப் பின்னால் தடுப்பு மடிப்பு இல்லை. குளம் மெதுவாக உள்ளே இறங்கியது. மண்டபத்தில் பேண்ட்டைக் கழற்றினால் உடம்பெல்லாம் காய்ந்திருக்கிறது, கால்சட்டையில் அந்த ஒரு இடம் மட்டும் வட்டமாக நனைந்திருக்கிறது. பந்தியில் உட்கார்ந்திருந்த பெரிய மாமனார் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து ஆளிடம், "மாப்ளைக்கு ஒரு வேட்டி எடுத்துக் குடுங்க, வர்ற வழியில அவசரமாட்டம் இருக்குது" என்றார். பந்தியே சிரித்தது. இன்னும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது வேட்டி வேணுமா என்கிறார்கள்.

பேண்ட் வாங்கும்போது ஷோரூமில் நின்று பார்க்காதீங்க, வண்டி மேல் உட்கார்ந்து பாருங்க. முட்டி பேடு முட்டியில் நிற்கிறதா, ஜிப்புக்குப் பின்னால் துணி மடிப்பு இருக்கிறதா. ஒரு பாட்டில் தண்ணீரை மடியில் ஊற்றிப் பார்க்க விட்டால் இன்னும் நல்லது, விடமாட்டார்கள்.

கிணத்துக்கடவு_411:
ஊத்துக்குளி அண்ணா, சிரித்து முடியவில்லை. புல்லட் அண்ணா சொன்ன மாதிரி மேலே போடுகிற கோட்டு ஒன்று ஆர்டர் போட்டாச்சு, எக்ஸ்எக்ஸ்எல். ஜாக்கெட்டை மாற்றுவதா வேண்டாமா என்றுதான் தெரியவில்லை. மெஷ் இன்னும் நல்லாத்தான் இருக்கிறது.

அந்தியூர்_அம்மிணி:
எக்ஸ்எக்ஸ்எல் கோட்டு பல்லடம் தாண்டினால் காத்துக்குப் பாய் விரிக்கும், தம்பி. ஆடியில் அந்தக் காத்து வண்டியையே ஒரு பக்கம் சாய்க்கும். கையிலும் இடுப்பிலும் இழுத்துக் கட்டுகிற பட்டை இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்க, இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிடுங்க.

தறி_சோமனூர்:
ஜாக்கெட்டைக் கையை உள்பக்கம் திருப்பி, தோளில் ஒரு போட்டோ, முழங்கையில் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. தையலைப் பார்த்தால் வைத்துக்கொள்ளலாமா என்று சொல்லிவிடுவேன்.