பீட்டர் பானை எங்கே சந்தித்தீர்கள்?

"நாளைக்குப் பீட்டர் பானைப் பார்க்கப் போகிறோம்" என்று மகன் சொன்னதும், ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், "எந்தப் பானை, வெண்கலமா, மண்ணா?" என்று கேட்டார். வளர மறுக்கும் சிறுவன் பீட்டர் பானின் கதை, லண்டனில் கிறிஸ்துமஸ் சமயத்தில் பலர் குழந்தைகளோடு பார்க்கும் நாடகம் அது. ஜே. எம். பாரி எழுதி முதன்முதலில் மேடையேறியதும் 1904 டிசம்பர் 27 அன்றுதான். கயிற்றில் பறப்பான், முதலை வரும், கொள்ளைக்காரர்கள் கத்தி சுழற்றுவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்துப் போனேன்.

கடைசிக் காட்சியில், பீட்டரோடு பறந்துபோய்த் திரும்பிய சிறுமி வென்டியின் தாய் அவனைத் தன் பிள்ளையாக வைத்துக்கொள்ள முன்வருகிறாள். பள்ளிக்கு அனுப்புவீர்களா, பிறகு அலுவலகத்துக்கா, சீக்கிரமே பெரிய ஆளாகிவிடுவேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். எல்லாவற்றுக்கும் ஆம் என்றுதான் பதில் வருகிறது. அவன் பிடிகொடுக்கவில்லை. இடைவேளையில்கூட அலுவலக மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த என் கணவர், அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். உங்களுக்கு எந்த இடம்? எழுதுங்கள்.

*

என் மகள் பள்ளி நாடகத்தில் பீட்டராக நடித்தாள். (பெண் நடிப்பது புதுமையில்லை, 1904இல் அந்த வேடம் போட்டவர் நீனா பூசிகோ என்ற நடிகை.) வசனம் ஒப்புவிக்கும்போது பிரதியைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேலை எனக்கு. 1928இல் அச்சான அந்தப் பிரதியில் ஒரு மேடைக் குறிப்பு இருக்கிறது: நாடகத்தில் யாருமே பீட்டரைத் தொடுவதில்லை. வென்டி நெருங்கி வந்தால் விலகிக்கொள்கிறான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியவில்லை.

இதை ஒத்திகையில் சொல்லித்தொலைத்தேன். அவனிடமிருந்து பிரிந்துபோன நிழலை வென்டி அவன் காலோடு வைத்துத் தைக்கும் காட்சி வந்தது. தொடாமல் எப்படித் தைப்பது? ஆசிரியை யோசித்துவிட்டு, நூலை ஒரு முழம் நீளமாக விடச் சொன்னார். அரங்கமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அதற்குள் ஜன்னல் பற்றிய வசனத்தை இருபது முறையாவது கேட்டிருந்தேன். ஒருமுறை அவன் வீடு திரும்பிப் பார்த்திருக்கிறான். ஜன்னல் அடைத்திருந்தது, அவன் படுக்கையில் வேறொரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வளர மறுத்தவன் என்று மட்டும் சொல்லி அவனை முடித்துவிடுகிறோம். பெற்றோர் தன் எதிர்காலத்தைப் பேசியதைக் கேட்டுப் பிறந்த அன்றே ஓடிவந்ததாக அவன் அடிக்கும் பெருமையை, அதன் பிறகு என்னால் முழுதாக நம்ப முடியவில்லை.

*

கென்சிங்டன் தோட்டத்தில் 1912 முதல் நிற்கும் அவனுடைய வெண்கலச் சிலையைப் பேரனுக்குக் காட்டினேன். அவன் பீட்டரை ஏறிட்டும் பார்க்கவில்லை. பீடத்தில் செதுக்கிய முயலைத் தடவிக்கொண்டே அரைமணி நேரம் போக்கினான். மேலே எழுதியவர் சொன்ன மேடைக் குறிப்பைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

*

நான் நாடகத்தைப் பார்த்ததில்லை. வாசித்தேன், அதுவும் பாரியின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்ட பிறகு. 1867இல் அவருடைய அண்ணன் டேவிட் பனிச்சறுக்கும்போது விழுந்து இறந்தான். பதினான்கு வயது நிறையப்போகும் நேரம். பாரிக்கு ஆறு வயது. படுத்த படுக்கையான தாயைத் தேற்ற, அண்ணனின் உடையைப் போட்டுக்கொண்டு, அவனைப்போலச் சீட்டியடித்துக்கொண்டு போய் நின்றாராம். இறந்தவன் என்றும் சிறுவனாகவே இருப்பான் என்பதில் அந்தத் தாய்க்கு ஒரு நிம்மதி இருந்ததாகச் சொல்வார்கள்.

என் அண்ணனும் பதினான்கு வயதில் கிணற்றில் போனவன். எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு. தீபாவளிப் படையலில் அவன் படத்துக்கு முன் வைக்கும் சட்டையை வாங்கி வருவது என் பொறுப்பு. அம்மா சொல்லும் அளவு மாறியதே இல்லை, 32. "பையனுக்கா சார்?" என்று கடையில் கேட்பார்கள். ஆமாம் என்பேன்.