எத்தனை பேர் என்பதோடு எங்கே என்றும் கேட்டார்

உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகள். அரிப்பு இல்லை, வலி இல்லை. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று இரண்டு வாரம் விட்டுவிட்டேன். பாதத்திலும் வந்தபிறகுதான் மருத்துவரிடம் போனேன். இரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய், இரண்டாம் நிலை. அதற்கு முன்பே வலியில்லாத ஒரு புண் வந்து தானாக ஆறியிருக்கும் என்றார்கள். நான் கவனிக்கவே இல்லை.

கடந்த ஆறு மாதத்தில் எத்தனை பேரோடு உறவு என்று ஆலோசகர் கேட்டார். இரண்டே பேர் என்று கொஞ்சம் நிமிர்ந்தே சொன்னேன். "அவர்களை எங்கே சந்தித்தீர்கள்?" என்றார். சுருக்கென்று கோபம் வந்தது. இது எதற்கு இவருக்கு?

ஒரு தாளில் வட்டங்கள் போட்டுக் காட்டினார். என் வட்டத்திலிருந்து இரண்டு கோடு. அதில் ஒன்று போய்ச் சேர்ந்த வட்டத்திலிருந்து ஏழெட்டுக் கோடுகள். அவர்கள் எல்லோரும் ஒரே செயலி, ஒரே வார இறுதி விருந்து வழியாகப் பழகியவர்கள். "உங்கள் கோடு இரண்டுதான். ஆனால் நீங்கள் நிற்கும் இடம் இது" என்று தாளின் நடுவில் விரலை வைத்தார். ஒரு உறவு முடிந்து அடுத்தது என்றால் கிருமி முன்னால்தான் போகும். ஒரே காலத்தில் பல உறவுகள் என்றால் பின்னாலும், அதாவது முன்பே இருக்கும் துணைக்கும், திரும்பி வரும் என்றார். அது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

ஒரே ஒரு பெனிசிலின் ஊசியோடு சிகிச்சை முடிந்தது. அந்த இருவரிடமும் சொல்வதுதான் கடினமாக இருந்தது. ஒருவர் திட்டினார். இன்னொருவர் போய்ப் பரிசோதித்தார், அவருக்கும் இருந்தது.

*

மேலே எழுதியவருக்கு நன்றி. எனக்குத் துணை ஒரே ஒருவர்தான், என் கணவர். வழக்கமான பரிசோதனையில் கிளமிடியா என்ற இன்னொரு பால்வினை நோய் என்று வந்தபோது உடம்பில் ஒரு அறிகுறியும் இல்லை. என் பக்கம் ஒரு கோடுதான். அவர் பக்கம் எத்தனை என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒழுங்காக இருப்பவருக்கு வராது என்று சொல்பவர்களைப் பார்த்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

*

நான் அந்த மாதிரி வார இறுதி விருந்துகளில் பால்வினை நோய்ப் பரிசோதனை மேசை போடும் தன்னார்வலர். 1999இல் சான் பிரான்சிஸ்கோவில் சிபிலிஸ் வந்த சிலரை விசாரித்தபோது, துணையின் உண்மைப் பெயர் அவர்களுக்குத் தெரியவில்லை, இணைய அரட்டை அறையின் புனைபெயர்தான் தெரிந்திருந்தது. சுகாதாரத் துறை அந்தப் புனைபெயர்களுக்கே செய்தி அனுப்பியது. சேர்த்துவைத்த இடமே சொல்லி அனுப்பவும் பயன்பட்டது.

அதனால்தான் இப்படிப்பட்ட இடங்களை மூடவேண்டும் என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மூடினால் அவர்கள் வேறு எங்கோ போவார்கள், எங்களால் தேடவும் முடியாது. போன முறை எங்கள் மேசைக்கு முதல் ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை. விருந்தை நடத்துபவர் தானே வந்து எல்லோர் முன்னாலும் இரத்தப் பரிசோதனைக்கு விரலை நீட்டினார். அப்புறம் ஆணுறைப் பெட்டி காலியாகும்வரை வரிசை நின்றது.