பின் கண்ணாடியில் மட்டும் ஃபிலிம் உட்கார மாட்டேன் என்கிறது

நெல்லை ஸ்விஃப்ட்:

போன ஞாயிற்றுக்கிழமை நாலு கதவுக் கண்ணாடிக்கும் நானே கூலிங் ஃபிலிம் ஒட்டினேன். முதல் தடவைக்கு மோசமில்லை. ஒரு கதவில் மட்டும் இரண்டு தூசி மாட்டிக்கொண்டது, அதுவும் நான் சொன்னால்தான் அடுத்தவருக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில் பின் கண்ணாடியில் கை வைத்தேன், அங்கேதான் மானம் போனது. வண்டி 2014 ஸ்விஃப்ட், பின் கண்ணாடியைச் சூடாக்கி மூட்டத்தைப் போக்கும் டீஃபாகர் கோடு உள்ள மாடல்.

நடுவில் ஒட்டுகிறது. மேலேயும் கீழேயும் புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக எழும்பி நிற்கிறது, ஒன்றை அமுக்கினால் பக்கத்தில் இன்னொன்று கிளம்புகிறது. உள்ளே உட்கார்ந்துகொண்டு ஹீட் கன்னால் சூடு காட்டினேன், ஓர் இடத்தில் ஃபிலிம் சுருண்டதுதான் மிச்சம். டீஃபாகர் கோடு ஓடும் இடமெல்லாம் இரண்டு பக்கமும் மெல்லிய காற்று வரி. ஓரத்தில் கறுப்புப் புள்ளி வரிசை இருக்கிறதே, அங்கே சுத்தமாக ஒட்டவில்லை, சாம்பல் பூத்த மாதிரி தெரிகிறது. நாலு நாள் ஆகியும் நடுவில் பால் தெளித்தது போலத் திட்டுத் திட்டாக இருக்கிறது.

ஸ்ப்ரேக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு மூடி, வீட்டு போர் தண்ணீர் ஒரு லிட்டர். ஃபிலிம் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கினது. எங்கே தப்பு? உரித்துவிட்டு மறுபடி முயற்சி செய்யலாமா, இல்லை கடைக்கே கொண்டு போய்விடவா?

கோவை ஒட்டுக்காரன்:

தம்பி, எனக்கு இதுதான் தொழில். முதலில் ஒன்று, அந்த ஃபிலிமைக் காப்பாற்ற முடியாது, உரித்துவிடுங்கள்.

கதவுக் கண்ணாடி கிட்டத்தட்ட ஒரு திசையில்தான் வளைந்திருக்கும், ஃபிலிம் தானாகப் படிந்துவிடும். பின் கண்ணாடி மேல் கீழாகவும் வளையும், இடம் வலமாகவும் வளையும். பூசணிக்காய்மேல் தினத்தாளை ஒட்டிப் பாருங்கள், அதே கதைதான். ஓரத்தில் உபரி நிற்கும், அதைச் சுருக்கித்தான் ஆக வேண்டும், அமுக்கி ஜெயிக்க முடியாது. சுருக்குகிற வேலை முழுக்க கண்ணாடியின் வெளிப்பக்கம். உள்ளே கொண்டு போகும்போது ஃபிலிம் ஏற்கெனவே கண்ணாடியின் வடிவத்துக்கு வந்திருக்க வேண்டும்.

கார் ஃபிலிம் ரோல் ஓடுகிற நீளவாக்கில்தான் நன்றாகச் சுருங்கும், அகலவாக்கில் பெரிதாகச் சுருங்காது. அதனால் ரோலின் நீளம் கண்ணாடியில் இடமிருந்து வலமாக வரும்படி வெட்டுங்கள். அப்போது மடிப்புகள் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் நிற்கும், சூடு பட்டால் அடங்கும். திருப்பிப் போட்டு வெட்டியிருந்தால் பிரம்மாவே வந்து ஹீட் கன் பிடித்தாலும் மடிப்பு போகாது. இன்னொரு சந்தேகம், மீட்டரில் வாங்கினது வீட்டு ஜன்னலுக்கான ஃபிலிமாக இருக்கலாம், அதில் பல ரகங்கள் சுருங்கவே சுருங்காது. வெட்டின மிச்சத்தில் ஒரு துண்டைச் சூடு காட்டுங்கள், எந்தத் திசையிலும் அசையவில்லை என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.

வெளிக் கண்ணாடியைக் கழுவித் துடைத்துக் காய்ந்ததும் மேலே கொஞ்சம் குழந்தைப் பவுடர் தூவித் தேய்த்துவிடுங்கள், ஃபிலிம் பிடித்துக்கொள்ளாமல் வழுக்கும். ஃபிலிமைப் போடும்போது லைனர் பக்கம், அதாவது பசையை மூடியிருக்கும் உரிக்கிற தாள் பக்கம், உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். ஈர ஸ்பாஞ்சால் கண்ணாடியில் ஆங்கில ஹெச் எழுத்து போல இரண்டு பக்கமும் மேல் கீழாக ஒரு கோடு, நடுவில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, அந்த ஈரத்தில் ஃபிலிமை நிறுத்துங்கள். மிச்ச உபரி மேலும் கீழும் சின்னச் சின்ன மடிப்புகளாகப் பிரியும். பெரிய மடிப்பு ஒன்று இருப்பதைவிடச் சின்னது பத்து இருப்பது நல்லது. ஹீட் கன்னை ஓர் இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள், மடிப்பு தானாக இறங்குவது கண்ணுக்குத் தெரியும், இறங்கினதும் ஸ்க்வீஜியால், அதான் தண்ணீர் வழிக்கிற பட்டையால், தடவிவிடுங்கள். ஒரே இடத்தில் காட்டினால் ஃபிலிம் கருகும், கண்ணாடியே விரிசல் விட்டதையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் உங்கள் ஸ்ப்ரே. இரண்டு மூடி லிக்விட் ரொம்ப ஜாஸ்தி, அந்தச் சோப்பே பசைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் படலமாக நின்றுவிடும். லிட்டருக்கு பேபி ஷாம்பு நாலைந்து சொட்டு போதும். போர் தண்ணீரில் உப்பு இருக்கும், தண்ணீர் காய்ந்தாலும் அது உள்ளேயே வெள்ளையாகத் தங்கும். பெட்ரோல் பங்க்கில் விற்கிற பேட்டரி தண்ணீர் வாங்குங்கள், அது டிஸ்டில்டு வாட்டர்தான்.

ஞாயிறு மெக்கானிக்:

உரிக்கும்போது பிளேடு எடுக்காதீர்கள்! டீஃபாகர் கோடு கண்ணாடிக்குள் புதைந்தது இல்லை, உள்பக்கம் மேலே அச்சடித்து வைத்த வெள்ளிப் பூச்சு. நான் பழைய பசையைச் சுரண்டுகிறேன் என்று பிளேடை ஓட்டி மூன்று கோட்டை அறுத்துவிட்டு, அடுத்த மழைக்குக் குன்னூர் ஏறும்போது பின்னால் ஒன்றுமே தெரியாமல் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அறுந்த இடத்தில் தடவ மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பெயின்ட் சின்னக் குப்பியில் கிடைக்கும், ஆனால் அது வேண்டாத வேலை.

உங்கள் ஊர் வெயில் இருக்கும்போது என்ன கவலை. உள்ளே ஃபிலிம்மேல் சோப்புத் தண்ணீர் அடித்து, வெளிக் கண்ணாடிமேல் கறுப்புக் குப்பைப் பையை விரித்து, ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்துங்கள். பசை இளகும். ஒரு மூலையில் பிடித்துக் கோடுகள் ஓடும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். மிச்சப் பசைக்குச் சோப்புத் தண்ணீரும் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரும். பின்னால் ஸ்பீக்கர் இருந்தால் துண்டு போட்டு மூடிவிடுங்கள், எல்லாத் தண்ணீரும் அங்கேதான் இறங்கும்.

அந்தப் புள்ளி வரிசைக்கு ஒரு வழி உண்டு. நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் புள்ளியின் மேடு குறையும், ஃபிலிம் படியும். நான் அப்படித்தான் செய்தேன்.

கோவை ஒட்டுக்காரன்:

மற்றதெல்லாம் சரி, உப்புத்தாள் மட்டும் வேண்டாம் அண்ணே. புள்ளிகள் கண்ணாடியோடு சேர்த்துச் சுட்ட பீங்கான் பூச்சு. கை கொஞ்சம் தவறினால் பக்கத்துக் கண்ணாடியில் கீறல் விழும், அது ஆயுசுக்கும் போகாது. ஒட்டி ஒரு மணி நேரம் கழித்து, கெட்டியான கார்டில் மெல்லிய துணி சுற்றி அந்த ஓரத்தை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். மறுநாளும் ஒரு தடவை. கொஞ்சம் படியும், முழுக்கப் படியாது. மிச்சம் உறுத்தினால் புள்ளி ஆரம்பிக்கும் இடத்தோடு ஃபிலிமை வெட்டிவிடுங்கள். கறுப்பு ஓரம் எதற்கு என்றால் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பசைமேல் வெயில் படாமல் இருக்க, அங்கே ஃபிலிமுக்கு வேலையே இல்லை. நான் எத்தனை விளக்கினாலும் வேலை முடிந்து வண்டியை எடுத்துப்போக வருகிறவர் முதலில் விரல் வைப்பது அந்த ஓரத்தில்தான், அது வேறு விஷயம்.

கோட்டுப் பக்கத்துக் காற்று வரிக்கு, ஸ்க்வீஜியைக் கோடு ஓடும் திசையிலேயே தள்ளுங்கள். குறுக்கே தள்ளினால் ஒவ்வொரு கோட்டிலும் தண்ணீர் அணை கட்டி நிற்கும்.

வடபழனி வாசி:

ஒட்டுவது இருக்கட்டும், எவ்வளவு இருட்டு ஃபிலிம்? உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் எந்த ஃபிலிமுமே கூடாது என்றது. பிறகு மத்திய மோட்டார் வாகன விதி 100ஐத் திருத்தி 2021 ஏப்ரலிலிருந்து அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதை வைத்துக் கேரள உயர் நீதிமன்றம் 2024இல், அளவுக்கு உட்பட்ட ஃபிலிமுக்கு அபராதம் போடக் கூடாது என்றது. அளவு என்பது முன் பின் கண்ணாடிக்கு 70 சதவீதம், பக்கக் கண்ணாடிக்கு 50 சதவீத வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும் என்பது. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 70 என்று எழுதின ஃபிலிமை 80 சதவீதம் விடுகிற கண்ணாடியில் ஒட்டினால் கிடைப்பது 56தான், இரண்டையும் பெருக்க வேண்டும். பின் கண்ணாடிக்கு 90 விடுகிற ஃபிலிம் போட்டால்தான் 72 வரும். சாலையில் நிறுத்துகிறவரிடம் கேரளத் தீர்ப்பைப் படித்துக் காட்ட உங்களுக்குப் பொறுமை உண்டா என்பது தனி.

நெல்லை ஸ்விஃப்ட்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மிச்சத் துண்டைச் சூடு காட்டினேன், ஒரு மயிரிழை கூடச் சுருங்கவில்லை! கடைக்காரர் ஜன்னல் ஃபிலிமைக் கொடுத்திருக்கிறார், நானும் கேட்காமல் வாங்கியிருக்கிறேன். கதவுக்குப் போட்டதும் அதேதான், ஆனால் அங்கே சுருக்க வேண்டிய அவசியம் வராததால் தப்பித்தேன். இந்தத் தடவை வடபழனி அண்ணன் கணக்குப்படி 90 விடுகிற, சூட்டைத் தடுக்கிற ரகம். விலை இரண்டு மடங்குக்கு மேல்.

ஹெச் வைத்துச் செய்ததில் முதல் மடிப்பு இறங்கினபோது சத்தியமாகக் கை தட்டினேன், பக்கத்து வீட்டுப் பையன் என்ன என்று எட்டிப் பார்த்தான். உள்ளே கொண்டு போவதுதான் நரகம், பின் சீட்டை மடக்கி மல்லாந்து படுத்துச் செய்தேன், இரண்டு நாள் கழுத்து திரும்பவில்லை. ஒட்டி முடித்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது, நீர்த் திட்டு போகப் பதினெட்டு நாள் ஆனது, அதுவரை டீஃபாகரைப் போடவில்லை. இப்போது தெளிவாக இருக்கிறது. கீழே வலது மூலையில் புள்ளி வரிசை மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு இன்னும் சாம்பலாகவே நிற்கிறது, அங்கே கோவை அண்ணன் சொன்னபடி வெட்டிவிடலாமா, இல்லை இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமா?

கோவை ஒட்டுக்காரன்:

மூன்று வாரத்துக்குப் பிறகு அது படியாது. வெட்டிவிடுங்கள், ஆனால் புது பிளேடு, பூப்போலக் கை. கடைசிக் கோடு அந்த மூலைக்குப் பக்கத்தில்தான் ஓடும்.