உதவி: தமிழ்ப் பெயரில் பதிவு செய்தவர்கள் லாகின் செய்ய முடியவில்லை (டாம்கேட் 9, ஸ்பிரிங் செக்யூரிட்டி)

கடைசிவரி:

வணக்கம். 3 நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் விசைப்பலகையை மாற்றி மாற்றித் தட்ட அலுப்பாக இருப்பதால் வகுப்பு, கோப்புப் பெயர்களையும் தமிழிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜாவா 8, டாம்கேட் 9 (வெப் சர்வர்), ஸ்பிரிங் எம்விசி, ஸ்பிரிங் செக்யூரிட்டி (லாகினைக் கவனிப்பது), மைஎஸ்கியூஎல் (தரவுத்தளம்). ஸ்பிரிங் பூட் இல்லை, வெப்.எக்ஸ்எம்எல் என்ற அமைப்புக் கோப்பில் எழுதும் பழைய முறைதான். கடவுச்சொல்லைத் திருப்ப முடியாத ஹாஷாக்கிச் சேமிக்க பிகிரிப்ட்.

பயனர் பெயரைத் தமிழில் வைக்கலாம் என்று 3 மாதம் முன்பு பதிவுப் பக்கத்தைப் புதிதாக எழுதினோம். பதிவு ஒழுங்காக நடக்கிறது, டேபிளில் பெயர் அழகாகத் தமிழில் தெரிகிறது. ஆனால் அதே பெயரைப் போட்டு லாகின் செய்தால் "பெயரோ கடவுச்சொல்லோ தவறு" என்று வருகிறது. ஆங்கிலப் பெயர்களுக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை.

பார்த்துவிட்டவை: டேபிளின் என்கோடிங் (எழுத்தை பைட்டாக்கும் முறை) யூடிஎஃப்8எம்பி4, அதாவது முழு யூடிஎஃப்-8. ஜேடிபிசி இணைப்பில் யூடிஎஃப்-8 கொடுத்திருக்கிறேன். ஜேஎஸ்பி பக்கத்தின் தலையிலும் யூடிஎஃப்-8. வருவதை யூடிஎஃப்-8ஆகப் படிக்கச் சொல்லும் கேரக்டர் என்கோடிங் ஃபில்டரும் வெப்.எக்ஸ்எம்எல்லில் இருக்கிறது. நேற்று, பெயரை வைத்துப் பயனரைத் தேடும் லோட்யூசர்பையூசர்நேம் மெத்தடுக்குள் பெயரை ஐஎஸ்ஓ-8859-1 (ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்ற பழைய முறை) பைட்டாக்கி மறுபடி யூடிஎஃப்-8 சரமாக்கும் அந்தப் பிரபலமான ஒற்றை வரியையும் வைத்துப் பார்த்தேன். ஆங்கிலக் கடவுச்சொல் வைத்தவர்கள் உள்ளே போனார்கள், தமிழில் கடவுச்சொல் வைத்தவர்கள் போகவில்லை. இன்னும் குழம்பிவிட்டேன்.

நள்ளிரவுநிரல்:

சர்வர்.எக்ஸ்எம்எல் திறந்து கனெக்டரில் யூஆர்ஐ என்கோடிங்கை யூடிஎஃப்-8 ஆக்குங்கள். எனக்கு இப்படித்தான் சரியானது.

பைட்_எண்ணி:

அது வேறு நோய்க்கு மருந்து. யூஆர்ஐ என்கோடிங் முகவரியிலும் கேள்விக்குறிக்குப் பின்னாலும் வருவதற்கு மட்டும். டாம்கேட் 7 வரை அதன் இயல்புநிலை ஐஎஸ்ஓ-8859-1, 8லிருந்து யூடிஎஃப்-8 ஆகிவிட்டது. லாகின் படிவம் போஸ்ட்டில் போகிறது, பெயர் கோரிக்கையின் உடலுக்குள் இருக்கிறது, முகவரியில் இல்லை. அதை இந்த அமைப்பு தொடவே தொடாது.

கடைசிவரி, ஒரு காரியம் செய்யுங்கள். "தமிழ்" என்றே ஒரு சோதனைக் கணக்கு உருவாக்கி லாகின் செய்யுங்கள். லோட்யூசர்பையூசர்நேமின் முதல் வரியில், நீங்கள் வைத்த ஒற்றை வரிக்கு முன்னால், வந்த பெயரின் லெங்த்தை மட்டும் அச்சிடுங்கள். பெயரை அச்சிட வேண்டாம். லாக் கோப்பும் டெர்மினலும் தங்கள் பங்குக்கு ஒரு என்கோடிங் வைத்திருக்கும், அவை காட்டுவதை நம்ப முடியாது. எண் பொய் சொல்லாது.

த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 வர வேண்டும். யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 15 வந்தால் ஒவ்வொரு பைட்டையும் யாரோ தனித்தனி எழுத்தாகப் படித்திருக்கிறார்கள் என்று பொருள்.

கடைசிவரி:

15!

லாக்கில் பெயரையும் பார்த்துத் தொலைத்தேன். தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடி அதே ஏ, மறுபடி அதே ஆர்.

பைட்_எண்ணி:

அந்த ஏ-ஆர் ஜோடியைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். தமிழ் எழுத்துகளின் முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. ஐஎஸ்ஓ-8859-1இல் 224 அந்தச் சாய்கோட்டு ஏ, 174 வட்ட ஆர். பைட்டுகள் முழுதாக இருக்கின்றன, படித்த விதம்தான் தப்பு. கேள்விக்குறிகளாக வந்திருந்தால் எழுத்தே அழிந்துவிட்டது, மீட்க வழியில்லை.

இப்போது பதிவுப் பக்கம் எப்படி அனுப்புகிறது? ஜேசான் ஆக அனுப்புகிறீர்களா?

கடைசிவரி:

ஆமாம், ஜேசான்தான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? லாகின் மட்டும் பழைய சாதாரணப் படிவம்.

பைட்_எண்ணி:

ஒரு வாசல் சரியாகவும் இன்னொன்று தப்பாகவும் படிக்கிறதென்றால் இரண்டும் வேறு வேறு வழியில் வருகின்றன என்றுதானே அர்த்தம். ஜேசானை ஜாக்சன் நூலகம் நேரடியாக பைட்டிலிருந்து யூடிஎஃப்-8ஆகப் படிக்கும், சர்வ்லெட்டின் (ஜாவா வெப் செயலிகளுக்கான பொது விதிமுறை) இயல்புநிலையைக் கேட்காது. படிவம் அப்படியில்லை. பிரவுசர் யூடிஎஃப்-8இல்தான் அனுப்புகிறது, ஆனால் "இது யூடிஎஃப்-8" என்று கன்டென்ட் டைப்பில் சொல்வதில்லை. சொல்லாவிட்டால் ஐஎஸ்ஓ-8859-1 என்று எடுத்துக்கொள் என்பது சர்வ்லெட் விதி. டாம்கேட் விதிப்படி நடக்கிறது.

அதை மாற்றத்தான் உங்கள் கேரக்டர் என்கோடிங் ஃபில்டர். அது செட்கேரக்டர்என்கோடிங்கை அழைக்கும். ஆனால் படிவத்தின் மதிப்பை எடுக்கும் கெட்பாராமீட்டரை யாராவது அதற்கு முன்பே ஒருமுறை அழைத்துவிட்டால் உடல் முழுவதும் அப்போதே படித்துப் பிரிக்கப்பட்டுவிடும். அதற்கப்புறம் என்கோடிங்கை மாற்றினால் எந்த விளைவும் இல்லை, பிழைச் செய்தியும் வராது. அமைதியாகத் தோற்கும். உங்கள் வெப்.எக்ஸ்எம்எல்லில் ஸ்பிரிங் செக்யூரிட்டியின் ஃபில்டர் மேலே, என்கோடிங் ஃபில்டர் கீழே இருக்கும் என்று நினைக்கிறேன். லாகின் ஃபில்டர் பெயரையும் கடவுச்சொல்லையும் கெட்பாராமீட்டர் வைத்துத்தான் எடுக்கிறது. போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் ஃபில்டர் அதற்கும் முன்னால், டோக்கனைத் தேடி எல்லா போஸ்ட் படிவங்களையும் திறந்துவிடும். என்கோடிங் ஃபில்டரின் முறை வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

உங்கள் ஒற்றை வரி பாதி வேலை செய்ததும் இதனால்தான். அது பெயரை மட்டும் திருத்தியது. கடவுச்சொல் அந்த மெத்தடுக்குள் வருவதே இல்லை, அது கிறுக்கலாகவே பிகிரிப்ட்டுக்குப் போனது.

கடைசிவரி:

நீங்கள் சொன்னபடியே என்கோடிங் ஃபில்டர் கீழேதான் இருந்தது. மேலே ஏற்றி, டாம்கேட்டை நிறுத்தித் தொடங்கிப் பார்த்தேன். மறுபடியும் 15. வொர்க் டைரக்டரியையும் அழித்துப் பார்த்தேன். 15.

பழையசர்வ்லெட்:

எதை மேலே ஏற்றினீர்கள்? ஃபில்டர் என்ற டேகையா, ஃபில்டர்-மேப்பிங் என்ற டேகையா? ஓடும் வரிசையைத் தீர்மானிப்பது மேப்பிங்குகளின் வரிசைதான். ஃபில்டரை எங்கே அறிவித்தாலும் ஒன்றுதான்.

(இதே பள்ளத்தில் நானும் விழுந்து ஒரு சனிக்கிழமையைத் தொலைத்தவன்.)

வெப்.எக்ஸ்எம்எல் இல்லாமல் ஜாவா கோடில் செக்யூரிட்டியைத் தொடங்குகிறவர்களுக்கு: அந்த இனிஷியலைசர் வகுப்பில் 'பிஃபோர் ஸ்பிரிங் செக்யூரிட்டி ஃபில்டர் செயின்' என்றே ஒரு மெத்தட் இருக்கிறது, அதில் செருகுங்கள். ஸ்பிரிங் பூட்டில் இந்தத் தொல்லை இல்லை, அது தானே முன்னால் வைத்துவிடும். டாம்கேட் 9 என்பதால் இன்னொரு வழியும் உண்டு: சர்வ்லெட் 4.0 வெப்.எக்ஸ்எம்எல்லில் ரெக்வெஸ்ட்-கேரக்டர்-என்கோடிங் என்ற டேகில் யூடிஎஃப்-8 என்று எழுதினால் இயல்புநிலையே மாறிவிடும், ஃபில்டர் வரிசையைப் பற்றிக் கவலையே இல்லை.

கடைசிவரி:

ஐயோ. ஃபில்டரை மட்டும்தான் நகர்த்தியிருந்தேன். மேப்பிங்கை மேலே ஏற்றியதும் 5 வந்துவிட்டது!

ஆனால் லாகின் இன்னும் ஆகவில்லை. முன்பு ஆங்கிலக் கடவுச்சொல்லோடு போனவர்களும் இப்போது போக முடியவில்லை. தரவுத்தளத்தின் குவெரி லாகைத் திறந்து பார்த்தால் டேபிளில் ஐந்து கேள்விக்குறிகளைத் தேடிக்கொண்டிருக்கிறது.

பைட்_எண்ணி:

அந்த ஒற்றை வரியை எடுத்தீர்களா?

கடைசிவரி:

எடுக்கவில்லை. எடுத்தேன். வேலை செய்கிறது. தமிழ்க் கடவுச்சொல்லும் போகிறது. தலையில் அடித்துக்கொண்டேன்.

பைட்_எண்ணி:

சரியாக வந்த தமிழை ஐஎஸ்ஓ-8859-1 பைட்டாக்கச் சொன்னால் அந்தப் பட்டியலில் தமிழே கிடையாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுவிடும். நோய் இருக்கும்வரை மருந்து, குணமானதும் விஷம். அதனால்தான் அந்த வரியை எங்கே பார்த்தாலும் எனக்குக் கோபம் வரும்.

நள்ளிரவுநிரல்:

கேள்விக்குறி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. முன்பு நான் பார்த்த ஒரு திட்டத்தில் கடவுச்சொல்லை, என்கோடிங் எதுவும் சொல்லாமல் வெறும் கெட்பைட்ஸ் (சரத்தை பைட்டாக்கும் மெத்தட்) போட்டு எஸ்எச்ஏ-256 ஹாஷ் செய்திருந்தார்கள். சர்வர் விண்டோஸ், இயல்புநிலை விண்டோஸ்-1252. தமிழில் 5 குறிகள் உள்ள எந்தக் கடவுச்சொல்லும் ஐந்து கேள்விக்குறியாகி ஒரே பைட்டுகளாக ஹாஷுக்குப் போயிருக்கிறது. "தமிழ்" என்று வைத்தவர் கணக்கை 5 குறிகள் உள்ள வேறு எந்தத் தமிழ்ச் சொல்லைப் போட்டும் திறக்கலாம். யாருமே புகார் செய்யவில்லை, எல்லாருக்கும் லாகின் ஆகிக்கொண்டுதானே இருந்தது! லினக்ஸுக்கு மாற்றிய அன்றுதான் வெளியே வந்தது. 2022இல் வந்த ஜாவா 18லிருந்து இயல்புநிலை எங்கேயும் யூடிஎஃப்-8. உங்களுடையது ஜாவா 8, அதனால் கெட்பைட்ஸ் எங்கெல்லாம் அடைப்புக்குள் எதுவும் இல்லாமல் நிற்கிறது என்று ஒருமுறை தேடிவிடுங்கள்.

கடைசிவரி:

2 இடம் இருந்தது, மாற்றிவிட்டேன். நன்றி.

இன்று காலை புதுச் சிக்கல். 3 மாதத்துக்கு முன்பே தமிழில் பெயர் வைத்திருந்த சுமார் 40 பேர் இதுநாள் வரை லாகின் செய்துகொண்டிருந்தார்கள், இப்போது முடியவில்லை. அவர்கள் பெயர் கிறுக்கலாகத் தெரிகிறது என்று பழைய புகார் ஒன்று உண்டு. அது வெறும் டிஸ்பிளே பிரச்சினை என்று விட்டுவிட்டோம்.

பைட்_எண்ணி:

அப்போது பதிவும் சாதாரணப் படிவமாக இருந்திருக்கும். கிறுக்கலாகச் சேமித்தது, கிறுக்கலாகத் தேடியது, இரண்டும் பொருந்தியது. நீங்கள் வாசலைச் சரிசெய்ததும் அவர்கள் வெளியே நிற்கிறார்கள்.

பெயர்களை மீட்கலாம். ஒருமுறை மட்டும் ஓடும் சின்ன ஜாவா நிரல் எழுதுங்கள். அந்த வெறுத்த ஒற்றை வரிக்கு நியாயமான இடம் இங்கேதான். ஆனால் எல்லா வரிசைக்கும் ஓட்டாதீர்கள். பெயரில் உள்ள எல்லாக் குறிகளும் 255க்குள் இருந்து, ஒன்றாவது 127க்கு மேல் இருந்து, பைட்டுகள் பிழையில்லாத யூடிஎஃப்-8ஆகவும் இருந்தால் மட்டும் மாற்றுங்கள். நியூ ஸ்டிரிங் பிழையை விழுங்கிவிடும், அதனால் கேரக்டர்செட்டின் டிகோடரை எடுத்து, பிழை வந்தால் கத்தும்படி அமைத்துப் பயன்படுத்துங்கள்.

கடவுச்சொல் பிகிரிப்ட் ஹாஷ், அதைத் திருப்ப முடியாது. ஆங்கிலக் கடவுச்சொல்காரர்கள் பெயர் திருந்தியதும் போய்விடுவார்கள். தமிழ்க் கடவுச்சொல்காரர்களுக்காக உங்கள் பாஸ்வேர்ட் என்கோடரைச் சுற்றி ஓர் உறை போடுங்கள். முதலில் வந்தபடி ஒப்பிடு. பொருந்தாவிட்டால் அதை வேண்டுமென்றே பழையபடி கிறுக்கலாக்கி இன்னொரு முறை ஒப்பிடு. அதில் பொருந்தியவருக்குச் சரியான வடிவில் புது ஹாஷ் சேமித்துவிடு. சில மாதம் கழித்து உறையைக் கழற்றிவிட்டு, மிச்சமிருப்பவர்களைக் கடவுச்சொல் மாற்றச் சொல்லலாம்.

ஒரு கூடுதல் சமாசாரம்: பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் கணக்கில் எடுக்காது. ஒழுங்கான தமிழில் அது 24 குறிகள். கிறுக்கலில் ஒவ்வொரு குறியும் 6 பைட்டாக வீங்கிவிடுவதால் வெறும் 12. நீளமான தமிழ்க் கடவுச்சொல் வைத்த அவர்களுக்கு இதுவரை முதல் 12 குறிகள்தான் சரிபார்க்கப்பட்டிருக்கின்றன.

நள்ளிரவுநிரல்:

நிரல் எதற்கு? மைஎஸ்கியூஎல்லிலேயே கன்வெர்ட் போட்டு லத்தீன்1 வழியாக ஒரே அப்டேட்டில் முடித்துவிடலாமே.

பைட்_எண்ணி:

வேண்டவே வேண்டாம். மைஎஸ்கியூஎல் லத்தீன்1 என்று சொல்வது உண்மையில் விண்டோஸ்-1252. 128 முதல் 159 வரை அதற்கும் ஐஎஸ்ஓ-8859-1க்கும் ஒத்துவராது. அகரத்தின் கடைசி பைட் 133, ககரத்தின் கடைசி பைட் 149. இரண்டும் அந்த இடைவெளியில்தான் விழுகின்றன, கேள்விக்குறியாகிவிடும். ககரம் இல்லாத பெயர்களை மட்டும் சோதித்துவிட்டு உற்பத்தியில் ஓட்டினால் அழுகைதான்.

புதுமுகம்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே 15 தான், ஆனால் ஸ்பிரிங் இல்லை. டாம்கேட்டின் சொந்த ஃபார்ம் லாகின், ஜே_செக்யூரிட்டி_செக். என்கோடிங் ஃபில்டரை எல்லாவற்றுக்கும் முதலில் வைத்தும் மாறவில்லை.

பழையசர்வ்லெட்:

உங்கள் விஷயத்தில் எந்த ஃபில்டரும் உதவாது. அந்த லாகினை டாம்கேட்டுக்குள்ளேயே இருக்கும் வால்வு என்ற பகுதி செய்கிறது, ஃபில்டர்கள் தொடங்குவதற்கு முன்பே அது முடிந்துவிடும். கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல்லில் ஃபார்ம் ஆதென்டிகேட்டர் வால்வை நீங்களே அறிவித்து, அதன் கேரக்டர்என்கோடிங் பண்பில் யூடிஎஃப்-8 கொடுங்கள்.

புதுமுகம்:

5 வந்துவிட்டது. நன்றி ஐயா.

கடைசிவரி:

பெயர்கள் எல்லாம் திருந்திவிட்டன, உறையும் போட்டாயிற்று. ஒரே ஒருவர் மட்டும் பாக்கி. உண்மைப் பெயரைச் சொல்லவில்லை, "கோமதி" என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் லாகின் ஆகிறது, கைப்பேசியில் ஆகவில்லை. கணினியிலிருந்து வந்தால் லெங்த் 5, கைப்பேசியிலிருந்து 6. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பைட்_எண்ணி:

இது என்கோடிங் இல்லை, அதற்கு அடுத்த வீடு. ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். ஒகரமும் ஔகாரமும் அப்படியே. திரையில் வித்தியாசம் தெரியாது, ஈக்வல்ஸுக்குத் தெரியும். ஜாவாவின் நார்மலைசர் வகுப்பில் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பதிவு, லாகின் இரண்டிலும், பெயர், கடவுச்சொல் இரண்டுக்கும் செய்யுங்கள். கடவுச்சொல்லை மட்டும் உறைக்குள் வந்தபடியே ஒருமுறையும் என்எஃப்சி ஆக்கி ஒருமுறையும் ஒப்பிடுங்கள், பழைய ஹாஷ் எந்த வடிவத்தில் இருக்கிறதோ தெரியாது. டேபிளில் உள்ள பெயர்களையும் ஒருமுறை மாற்ற வேண்டும்.

கடைசிவரி:

லாகினில் என்எஃப்சி போட்டேன், கைப்பேசியிலும் உள்ளே வந்துவிட்டார். டேபிளை மாற்றும் நிரல் மட்டும், ஒரே பெயர் இரண்டு முறை வரக்கூடாது என்ற தனித்துவ இண்டெக்ஸில் மோதி நின்றுவிட்டது. தேடினால் கோமதி என்று 2 கணக்கு. ஒன்று 5, இன்னொன்று 6. கைப்பேசியில் லாகின் ஆகாமல் பார்த்துப் பார்த்து அவரே அங்கிருந்து இன்னொன்று பதிவு செய்திருக்கிறார்!

பைட்_எண்ணி:

அவரேதானா என்று மின்னஞ்சலை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் இணையுங்கள். பெயர் ஒன்றாகத் தெரிவதை வைத்து மட்டும் இணைத்துவிடாதீர்கள்.

கடைசிவரி:

பார்த்தேன். வேறு மின்னஞ்சல், வேறு ஆள். இரண்டாவது கோமதிக்குப் புதுப் பெயர் கேட்டு எழுதியிருக்கிறேன்.