சிப்பிக் காளான்: 1,000 பையில் தொடங்கலாமா?

பி.எம். புதுசு: புக்கிட் மெர்தாஜாமில் வீட்டுக்குப் பின்னால் 12க்கு 20 அடியில் ஒரு தகரக் கொட்டகை சும்மா கிடக்கிறது. சாம்பல் சிப்பிக் காளான் போட்டு விற்கலாம் என்று எண்ணம். மரத்தூள் வாங்கி நானே பை கட்டுவதா, விதை போட்ட பையாகவே வாங்குவதா? 1,000 பைக்கு எவ்வளவு கிடைக்கும்?

தூள்மூட்டை: பையாகவே வாங்குங்கள். பை கட்டுவது தனித் தொழில். கலவை என்னவோ எளிதுதான்: ரப்பர் மரத்தூள் 100 கிலோ, தவிடு 10, விவசாயச் சுண்ணாம்பு 1. கையில் இறுக்கினால் உருண்டை நிற்கணும், தண்ணீர் சொட்டக்கூடாது. சிக்கல் அவிப்பதில். ட்ரம்முக்குள் 100 பாகை வந்த பிறகு 6 முதல் 8 மணி நேரம் நீராவி வேண்டும். கேஸ் மிச்சம் என்று முன்னாடியே அணைத்தால் பையின் நடு வேகாது, சில நாளில் பச்சைப் பூஞ்சை எட்டிப் பார்க்கும். பூச்சிமருந்து ஏற்றிய பலகையின் தூளாக இருந்தால் விதையிலிருந்து வெள்ளைக் காளான் இழை பரவவே பரவாது.

வாங்கும்போது வாயிலிருந்து அடிவரை வெள்ளை இழை படர்ந்த பையாகப் பாருங்கள். ஒரு பச்சைப் புள்ளி இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பாசார் கணக்கு: ஒரு பை 3, 4 மாதத்தில் மொத்தமாக 200 முதல் 300 கிராம் தரும். 1,000 பைக்கு 250 கிலோ என்று வையுங்கள். சராசரி நாளுக்கு 2 கிலோ சொச்சம். எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்தால் ஒரு வாரம் விற்று மாளாது, அடுத்த வாரம் கூடை காலி. பாசார் (சந்தை) கடைக்காரர் அதற்கெல்லாம் காத்திருக்க மாட்டார். மாதம் 250 பையாக இறக்குங்கள்.

பி.எம். புதுசு: நன்றி அண்ணே. மதியம் தகரம் கொதிக்கிறதே?

தூள்மூட்டை: 32 பாகைக்கு மேல் போனால் மொட்டு கருகும். கூரைக்கு மேலே ஓர் அடி இடைவெளி விட்டுக் கறுப்பு வலை கட்டுங்கள். தரையையும் சுவரையும் நனையுங்கள், பை வாய்க்குள் தண்ணீர் போகக்கூடாது. போனால் அழுகல், அதைத் தேடி ஈ. குளிர்ச்சிக்காகப் பிளாஸ்டிக் சுற்றி அடைத்துவிடாதீர்கள். தண்டு நீண்டு குடை சிறுத்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம்.

பாசார் கணக்கு: குடை ஓரம் மேலே சுருளும் முன்பே பறியுங்கள். பிந்தினால் வித்துத்தூள் கொட்டி இருமல் வரும், முகக்கவசம் போடுங்கள். அடிக்கட்டையைப் பையில் விடாமல் சுரண்டி எடுங்கள். பறித்ததைக் கழுவ வேண்டாம். பாக்கெட்டில் இரண்டு ஓட்டை போட்டால் வியர்க்காது.