மிதியை விட்ட பிறகும் விடாத முன் பிரேக்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பதிவு 1

பழைய பிக்கப். இடது முன் சக்கரம் பிரேக்கை விட்ட பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தது. டிஸ்கை இரு பக்கமும் பேடுகளால் இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர்தான் காரணம் என்று முடிவு கட்டி மாற்றினேன். ஒரு மாதத்தில் அதே கருகல் வாசனை, அதே சூடு. புதுக் காலிப்பரே பழுதாக வந்துவிட்டது என்று நினைத்து மறுபடியும் மாற்றினேன். இரண்டு முறையும் வீட்டுக்கு வந்து, வண்டி நன்றாக ஆறிய பிறகுதான் ஜாக்கி போட்டுப் பார்த்தேன். சக்கரம் லேசாகச் சுற்றியது. அதில்தான் ஏமாந்தேன்.

மூன்றாவது முறை பாதி வழியிலேயே ஓரம் கட்டினேன். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு போட்டேன். இரண்டு கையால் தள்ளியும் சக்கரம் அசையவில்லை. பிளீடரில், அதாவது காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகில், ஸ்பேனரை வைத்து மெதுவாகத் திருப்பியதும் பிரேக் ஆயில் சர்ரென்று பீய்ச்சி அடித்தது. மறு நொடியே சக்கரம் கையோடு வந்துவிட்டது. யாரும் மிதியில் கால் வைக்கவில்லை, எஞ்சினும் ஓடவில்லை. அப்படியும் காலிப்பருக்குள் அவ்வளவு அழுத்தம் அடைபட்டுக் கிடந்திருக்கிறது.

காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ்தான் காரணம். கழற்றி நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். வெளியே ஒரு கீறல்கூட இல்லை, உள்ளே ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. நாம் மிதிக்கும்போது அந்தப் பலத்தில் ஆயில் உள்ளே போய்விடும். திரும்பி வருவதற்கு அப்படித் தள்ளும் பலம் ஏது? டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனை இழுக்க ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர சீல் சற்று வளைந்து, பிறகு நிமிர்கிறது; அது இழுக்கும் ஒரு மயிரிழைதான் எல்லாம்.

நான் கழற்றி வீசிய இரண்டு காலிப்பரிலும் ஒரு குறையும் இல்லை. அது இன்னும் உறுத்துகிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பதிவு 2

எனக்கு நடந்தது நேர் எதிர். நானும் சூட்டோடு பிளீடரைத் திறந்தேன். நாலு சொட்டு வந்தது, அவ்வளவுதான். சக்கரம் இறுகியது இறுகியபடியே இருந்தது. அப்படியென்றால் அழுத்தம் காரணமில்லை, ஏதோ இரும்பு இரும்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காலிப்பரைக் கழற்றி பேடுகளைக் கையில் எடுத்தேன். வெளிப் பேடு ஏறக்குறைய புதுசு. உள் பேடில் பொருளே இல்லை, தகடு டிஸ்கை உரசிப் பள்ளம் போட்டிருந்தது. ஒரே சக்கரத்தில் இருந்த இரண்டு பேடுகள் என்றால் நம்ப முடியாது. கீழ் ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. சுத்தியலால் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது, கூடவே செம்மண் மாதிரி துரு கொட்டியது. காலிப்பர் பின்களில் வழுக்கி நகர்ந்தால்தானே வெளிப் பேடு பிடிக்கும், விட்டதும் விலகும்? நகராத காலிப்பரில் உள் பேடு மட்டும் மாடாக உழைத்துத் தேய்கிறது.

அதனால் எல்லாவற்றுக்கும் ஹோஸ்தான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். முதலில் பேடுகளைப் பாருங்கள்.

பதிவு 3

இரண்டு முன் சக்கரமும் சேர்ந்து பிடித்தால்? என் கதை அதுதான்.

மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் புதிதாகப் போட்டு மூன்றாம் நாள். ஒவ்வொரு சிக்னலிலும் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, கல்லாகிக்கொண்டே வந்தது. கடைசியில் முதல் கியரில் எஞ்சின் திணறியது, வண்டி நகரவில்லை. பானெட்டைத் திறந்து, மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு (மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பகுதி) பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளையும் தளர்த்தினேன். சிலிண்டர் சில மில்லிமீட்டர்தான் முன்னால் வந்திருக்கும். நான் பானெட்டுக்குள் குனிந்திருக்கும்போதே வண்டி என் பக்கம் உருள ஆரம்பித்தது. மிக லேசான சரிவு, எனக்கு அது சரிவாகவே தெரியவில்லை. இரண்டு அடி நகர்ந்து நடைபாதை ஓரத்தில் முட்டி நின்றது. சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் அந்த நட்டில் கை வைத்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

காரணம் பூஸ்டரின் புஷ் ராடு, அதாவது சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பி. புதுச் சிலிண்டருக்கு அது கொஞ்சம் நீளம். மாட்டும்போது யாரும் அளந்து பார்க்கவில்லை. மிதியை விட்ட பிறகும் பிஸ்டனைத் துளி முன்னால் தள்ளியே வைத்திருந்தது. சிலிண்டருக்குள் ஆயில் டேங்குக்குத் திரும்புகிற ஒரு சின்னத் துளை உண்டு, பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்தால்தான் அது திறக்கும். துளை மூடியே இருந்தால், பிரேக் சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக இடமில்லை. அழுத்தம் ஏறும், பேடு உரசும், இன்னும் சூடாகும், இன்னும் ஏறும். ஆற விட்டால் எல்லாம் தானாகவே விட்டுவிடும். வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினால் ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்பார்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

பதிவு 4

முதலில் எழுதியவருக்கு: ஹோஸை அறுத்துப் பார்த்தது நல்லது, ஆனால் ஹோஸைப் பிடித்திருக்கும் இரும்புக் கிளாம்பைப் பார்த்தீர்களா? என் வண்டியில் ஹோஸ் உள்ளே சுத்தம். நடுவில் அதைச் சுற்றியிருந்த கிளாம்புக்குள் துரு ஊறிப் பருத்து, ஹோஸை நெரித்துவிட்டது. கிளாம்பைக் கொஞ்சம் விரித்ததும் சக்கரம் சுற்றியது. என் கதை இவ்வளவுதான்.

ஆனால் இங்கே எழுதியதையெல்லாம் படித்த பிறகு சில விஷயங்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிளீடரைத் திறந்து சக்கரம் விட்டால் ஹோஸ் என்று உடனே முடிவு செய்ய முடியாது. அழுத்தம் அடைபட்டிருக்கிறது என்பது மட்டும்தான் அதில் தெரியும். எங்கே அடைபட்டிருக்கிறது என்று தெரிய, மறுபடியும் பிடிக்கும்வரை ஓட்டி, அடுத்த முறை பிளீடரைத் தொடாமல், இரும்புக் குழாய் ஹோஸோடு சேரும் மேல் இணைப்பைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் சக்கரம் விடவில்லை என்றால் ஹோஸ்தான். விட்டுவிட்டால் கோளாறு அதற்கு மேலே: வால்வு, மாஸ்டர் சிலிண்டர், புஷ் ராடு. எதைத் தளர்த்தினாலும் காற்று புகுந்திருக்கும், பிளீடிங் செய்து அந்தக் காற்றை வெளியேற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள். அந்த ஆயில் கொதிக்கக் கொதிக்க வரும், கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை இரண்டும் வேண்டும். பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரியும்.

சூட்டைக் கையால் தொட்டுப் பார்க்கிற பழக்கத்தை விடுங்கள். தூரத்திலிருந்தே அளக்கும் வெப்பமானி ஒன்று போதும். பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி, நியூட்ரலில் தானாக உருண்டு நிற்க விட்டு, இரண்டு டிஸ்கையும் அளந்து பாருங்கள். எந்தப் பக்கம் என்ற சண்டைக்கே வேலையில்லை. சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றவே கூடாது, வளைந்துபோகும், விரிசலும் விடலாம்.

இரண்டாவதாக எழுதியவர் பின்னைத் தட்டி எடுத்தது சரி, திரும்ப என்ன தடவினார் என்று சொல்லவில்லை. சாதாரண கிரீஸ் தடவியிருந்தால் ரப்பர் உறை ஊதி, ஸ்லைடு பின் மறுபடியும் இறுகும். பிரேக்குக்கென்றே இருக்கும் சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். சில காலிப்பர்களில் ஒரு பின்னில் மட்டும் ரப்பர் வளையம் இருக்கும், மேலே போக வேண்டியதைக் கீழே போட்டாலும் இறுகும்.

இன்னொன்று, பிடித்த பிரேக்கோடு ‘வீடு வரைக்கும் தானே’ என்று ஓட்டாதீர்கள். டாட் 3 வகை பிரேக் ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சிய ஆயிலுக்கு விதிக்கப்பட்ட அளவு 140 டிகிரிதான். கொதித்து ஆவியானால் பெடல் அப்படியே கீழே போகும். பிடித்துக்கொண்டே இருந்த பிரேக், அவசரத்துக்குப் பிடிக்காது.

பதிவு 5

பதிவு 2 எழுதியது நான்தான். சிலிக்கான் கிரீஸ்தான் போட்டேன். முன்பு கழற்றியவர் எதைத் தடவினாரோ, ரப்பர் உறை உப்பித்தான் இருந்தது. ரப்பர் வளையம் இருந்த பின் எது என்று கழற்றும்போது கவனிக்கவில்லை. நாளைக்கே பார்க்கிறேன்.

பதிவு 6

இரண்டு பக்கமும் பிடித்தால் மாஸ்டர் சிலிண்டர் என்கிற பதிவு 3-ஐ நான் முழுதாக ஏற்கவில்லை. இரண்டு ஹோஸும் ஒரே நாளில் மாட்டியவை, ஒரே வயது, சேர்ந்தேதான் கெடும். எனக்கு அப்படித்தான் ஆனது. வலது ஒரு வாரம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

அதற்கு முன்பு ஒரு பிக்கப்பில் எல்லாரும் பிரேக் பிரேக் என்றார்கள். காலிப்பரைக் கழற்றி ஓரமாகக் கட்டித் தொங்கவிட்ட பிறகும் சக்கரம் இறுக்கமாகவே சுற்றியது. வீல் பேரிங் நட்டை யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருந்தார்கள். சூடு டிஸ்க் ஓரத்தில் இல்லை, சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பில். காலிப்பர் இல்லாமல் ஒரு முறை சுற்றிப் பாருங்கள்.

பதிவு 7

என்னுடையது கொஞ்சம் வேறு மாதிரி.

முன் பிரேக் இரண்டும் பிடித்தது. ஆயில் டேங்க் மூடியைத் திறந்தேன். மூடிக்குள் இருந்த ரப்பர் உறை கையோடு வெளியே வந்து தொங்கியது. உப்பி, அலை அலையாக நெளிந்து, இரண்டு பங்கு பெரிதாகிவிட்டது போல இருந்தது. எவ்வளவு முயன்றும் திரும்ப மூடிக்குள் அடங்கவில்லை. அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. யாரோ பிரேக் ஆயிலுக்குப் பதில் வேறு ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ கொஞ்சம் கலந்தாலே இந்த ரப்பருக்கு ஆகாது. மூடியில் நடந்ததுதான் மாஸ்டர் சிலிண்டர் சீலிலும் காலிப்பர் சீலிலும் ஹோஸ் உள்ளேயும் நடந்திருக்கும். கழுவிவிட்டால் சரியாகாது. மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர்கள், ஹோஸ்கள், பின்பக்க வீல் சிலிண்டர்கள் எல்லாவற்றையும் மாற்றி, இரும்புக் குழாய்களைக் கழுவி, புது ஆயில் நிரப்பினேன்.

ஊற்றியது அப்பா. அளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, ஷெட்டில் இருந்த டப்பாவை எடுத்து ஊற்றியிருக்கிறார். நான் வெளியூர் கிளம்புகிறேன் என்பதற்காகத்தான். வண்டி தயாரான அன்று, ‘என்னப்பா ஆச்சு?’ என்று கேட்டார். ‘பழைய வண்டிப்பா, ரப்பர் போயிடுச்சு’ என்றேன். அந்த டப்பாவை மட்டும் அங்கிருந்து எடுத்துவிட்டேன்.

பதிவு 8

பதிவு 1 எழுதியவன். கிளாம்பைப் பற்றிக் கேட்டதும் போய்ப் பார்த்தேன். இடது பக்கம் புது ஹோஸோடு புதுக் கிளாம்பும் வந்துவிட்டது, அங்கே பிரச்சினையில்லை. வலது ஹோஸை நான் தொடவே இல்லை. ஒரே வயது என்று பதிவு 6 சொன்னது உறைத்தது. இப்போதுதான் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, ஆறுவதற்குள் இரண்டு டிஸ்கையும் அளந்தேன். இடது 61 டிகிரி. வலது 118.

ஜாக்கியை எடுக்கப் போகிறேன்.